காம்பாக்ட் கேமராவில் மா ஒட்டுக்கன்று படம்: பின்னணி மங்க மாட்டேங்குது

சந்தூர்நாற்று:

சந்தூர் பக்கம் மா நர்சரி. வாங்குறவங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒட்டுக்கன்று படம் எடுக்கணும். கேமரா சட்டைப்பை சைஸ், 30 மடங்கு ஜூம், சென்சார் 1/2.3 இன்ச். லென்ஸைச் சுத்தி 4.3–129, 3.3–6.4 என்று போட்டிருக்கு. பையோட சேர்த்தா கன்று சுமார் மூணேகால் அடி. பின்னாடி வரிசை வரிசையா அதே பச்சை. பெங்களூரா ரகம் எது, செந்தூரா ரகம் எது, எந்த இலை எந்தக் கன்றோடதுன்னே தெரியல. ஏ மோடில் (துளை எண்ணை நாமே வைக்கிற மோட்) 3.3 வச்சுப் பார்த்தாச்சு, பின்னணி அப்படியே கூர்மையா விழுது. ரெண்டு படம் வேணும்: முழுக்கன்று ஒன்னு, ஒட்டு கட்டின இடம் கிட்டத்தில் ஒன்னு. கேமரா மாத்தாம முடியுமா?

பழையபேட்டை:

ஒட்டுப் படம் நன்றாகவே வரும். முழுக்கன்றுக்கு இந்தக் கேமராவில் பாதி வெற்றிதான். காரணம் கீழே.

3.3 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். லென்ஸின் குவிய நீளத்தை (4.3–129 என்று மி.மீ.யில் போட்டிருப்பது) அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் ஒளி நுழையும் துளையின் அகலம். ஜூம் இல்லாமல் 4.3 ÷ 3.3, அதாவது 1.3 மி.மீ. குண்டூசித் தலை அளவு கூட இல்லை. முழு ஜூமில் 129 ÷ 6.4, அதாவது 20 மி.மீ. ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசு அகலம். மங்கலைத் தருவது இந்த அகலம்தான். 6.4 என்பது 3.3-ஐ விட மோசம் என்று நினைத்து ஜூம் செய்யாமல் எடுக்கிறீர்கள், அங்கேதான் கோளாறு.

கணக்கு இதுதான். கன்று நிற்கும் இடத்தில் வைத்து அளந்தால், பின்னணியின் ஒரு புள்ளி எவ்வளவு அகல வட்டமாக விரியும்? துளையின் அகலத்தை, கன்றுக்குப் பின்னால் உள்ள தூரத்தால் பெருக்கி, கேமராவிலிருந்து பின்னணி வரையான மொத்த தூரத்தால் வகுக்க வேண்டும்.

ஒட்டுப் படத்துக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டகத்தில் 15 செ.மீ. நீளம் விழ வேண்டும் என்றால் முழு ஜூமில் 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின் வரிசை கன்றிலிருந்து 6 மீட்டர் பின்னால் இருக்கட்டும். 20 × 6 ÷ 9, சுமார் 13 மி.மீ. அந்தத் தூரத்தில் 5 செ.மீ. அகல மாவிலை படத்தில் மூன்றில் ஒரு பங்காக, 1.7 செ.மீ. ஆகத் தெரியும். அதன் மேல் 13 மி.மீ. மங்கல் விழுந்தால் இலை என்றே அடையாளம் தெரியாது, பச்சைக் குழம்புதான். ஜூம் இல்லாமல் கிட்டப் போய் எடுத்தால் மங்கல் 1.3 மி.மீ.யைத் தாண்டவே தாண்டாது.

முழுக்கன்றுக்கு ஒரு மீட்டர் உயரம் சட்டகத்தில் வர வேண்டும். முழு ஜூமில் 20 மீட்டர் பின்வாங்க வேண்டியிருக்கும். பின்னணி இன்னும் 20 மீட்டர் தள்ளி இருந்தாலும் மங்கல் 10 மி.மீ. தான். ஜூம் பின்னணியையும் இழுத்துப் பெரிதாக்குவதால் அந்த இலை 2.5 செ.மீ. ஆகத் தெரியும். ஓரம் மென்மையாகும், கரையாது.

ஒட்டுப் படம் எடுக்கும் முறை:

1. கன்றை வரிசையிலிருந்து வெளியே எடுத்து மேசை மேலோ அடுக்கிய செங்கல் மேலோ வையுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பின்னணி என்பது ஒரு அடி பின்னால் இருக்கும் தரைதான். இந்தக் கேமரா அதைப் பெரிதாக மங்கலாக்காது. லென்ஸ் ஒட்டின் உயரத்திலேயே இருக்கணும்.

2. ஆப்பு போல் சீவிச் செருகிய பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். பாலிதீன் நாடா இன்னும் இருந்தால் வெயில் பட்டுப் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழும். பையைக் கொஞ்சம் திருப்பினால் போய்விடும்.

3. டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதோடு சரி, துளை பெரிதாவதில்லை.

4. ஏ மோட், 6.4. இந்தத் தூரத்தில் முன்னும் பின்னும் சேர்த்து மூன்றரை செ.மீ. ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கும். சுண்டுவிரல் தடிமன் தண்டுக்கு அது தாராளம். எண்ணை 8 ஆக்கித் துளையைச் சுருக்கினால் இவ்வளவு சின்ன சென்சாரில் ஒளி சிதறிப் படமே சோகையாகிவிடும்.

5. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200 முதல் 400 வரை. ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்கினால் காற்றில் ஆடும் இலை கலங்கிவிடும். முக்காலி, 2 நொடி டைமர் இருந்தால் நல்லது. முழு ஜூமில் பட்டனை அழுத்தும் அதிர்வே படத்தைக் கெடுக்கும்.

தொப்பூர்க்காற்று:

இதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு? போன்ல போர்ட்ரெயிட் மோட் போட்டா ஒரே தட்டுல முடிஞ்சுது.

கெலமங்கலம்:

தொப்பூர் தம்பி, மனுஷ முகத்துக்கு அது சரி. செடிக்கு வேண்டாம். போன் தூரத்தை உத்தேசமாக் கணிச்சு, ஓரத்தை வெட்டி, வெளியே இருக்கிறதை மென்பொருளால் மங்கலாக்குது. மாவிலை நீளம், நுனி கூர், நடுவுல இடுக்கு இடுக்கா இடைவெளி. நுனியைப் பின்னணின்னு நினைச்சுக் கரைச்சுடும், இடுக்குல இருக்கிற பின்னணியை இலைன்னு நினைச்சுக் கூர்மையா விட்டுடும். கன்று வாங்குறவர் பார்க்கிறதே இலையும் கொழுந்தும்தான். நுனி கரைஞ்சிருந்தா நுனிக்கருகல் மறைச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுவார். சில காம்பாக்டில் பின்னணி மங்கல்னு ஒரு சீன் மோட் இருக்கும், அதுவும் இதே வேலைதான்.

கிம்ப்ல (படம் திருத்துற மென்பொருள்) கையால செய்யணும்னா ஒரு எச்சரிக்கை. லேயரை நகல் எடுத்து, கீழே இருக்கிறதுக்கு காஸியன் மங்கல் கொடுத்து, மேலே மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கிற திரை) போடுவாங்க. அப்படிச் செஞ்சா கன்றோட நிறமும் சேர்ந்து கரைஞ்சு வெளியே கசிஞ்சு, கன்றைச் சுத்தி ஒளிவட்டம் மாதிரி நிக்கும். மங்கல் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கீழ் லேயரில் கன்றை குளோன் கருவியால அழிச்சு நிரப்பிடணும். பை நிக்கிற தரை கூர்மையாவும், பின்னால போகப் போக மங்கலாவும் இருக்கணும், அதுக்கு மாஸ்க்கில் சாய்வு கொடுக்கணும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம். நூறு கன்றுக்கு யார் உட்காருவா?

முழுக்கன்றுக்கு என் யோசனை மங்கல் இல்லை, வேட்டி. நாலு முழ வேட்டியை ரெண்டு கம்புக்கு நடுவுல நெடுக்குவாட்டில் தொங்க விடுங்க. கேமரா 3 மீட்டர், கன்றுக்குப் பின்னால ஒன்றரை மீட்டர் தள்ளி வேட்டி. அந்த இடத்துல சட்டகம் ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல அகலம் பிடிக்கும், வேட்டி சரியா மூடிடும். கன்றை ஒட்டியே கட்டினா நிழல் விழும், சுருக்கமும் தெரியும். வெள்ளைத் துணி பெரும்பகுதி இருந்தா கேமரா படத்தைக் கறுக்கடிச்சுடும், எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவு) கூட்டல் 0.7-லிருந்து 1 வரை வைங்க. கறுப்புத் துணின்னா கழித்தல் 0.7. சாட்டின் வேண்டவே வேண்டாம், மினுங்கும். பருத்திதான்.

பழையபேட்டை:

வேட்டி யோசனையை ஒப்புக்கொள்கிறேன். துணி பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று: கன்று வெயிலில், பின்னணி தோப்பின் அடர்ந்த நிழலில். பின்னணி இருண்டுவிட்டால் மங்கல் குறைவாக இருந்தாலும் கன்று தனித்து நிற்கும். பின்னணி மரத்தில் இலைகளுக்கு இடையே வானம் புள்ளி புள்ளியாகத் தெரியாத பக்கமாகப் பாருங்கள். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டமாக விரிந்து கண்ணை உறுத்தும்.

பெரிய கேமராவுக்கு 50 மி.மீ. 1.8 லென்ஸ் வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அதன் துளை 28 மி.மீ. ஒட்டுப் படத்துக்கு உங்கள் காம்பாக்டைப் போல ரெண்டு மடங்கு மங்கல் தரும், ஆனால் 13 மி.மீ.யே போதும் எனும்போது அது வீண் செலவு. முழுக்கன்றில்தான் வித்தியாசம். 2.1 மீட்டரிலிருந்தே முழுக்கன்றும் விழும், 6 மீட்டர் பின்னால் உள்ள வரிசை 20 மி.மீ. வரை விரிந்து கரைந்துவிடும். அந்த ஒரு படத்துக்காக வாங்குவதா என்பது உங்கள் கணக்கு.

சந்தூர்நாற்று:

ஒட்டுப் படம் சொன்னபடி எடுத்தாச்சு, பின்னணி சுத்தமாக் கரைஞ்சிடுச்சு. ரெண்டு சிக்கல். சில நேரம் போக்கஸ் கட்டம் சிவப்பா மின்னுது, இல்லேன்னா பின் வரிசையைப் பிடிச்சுக்குது. பச்சை நிழல்வலைக்குக் கீழ எடுத்ததில் தண்டு, பை எல்லாமே பச்சை பூத்த மாதிரி இருக்கு.

கெலமங்கலம்:

சிவப்பா மின்னினா போக்கஸ் பிடிக்கலைன்னு அர்த்தம், பெரும்பாலும் ரொம்பக் கிட்ட நிக்கிறதால. இந்த மாதிரி லென்ஸ் முழு ஜூமில் 2 மீட்டருக்குள்ள பிடிக்காது. கிட்டப் போறதுக்காகப் பூப்படம் போட்ட மேக்ரோவைப் போட்டா ஜூமைக் குறைக்க வேண்டி வரும், மறுபடி அந்தக் குண்டூசித் துளைதான். பின் வரிசைக்கு ஓடினா, பல கட்டப் போக்கஸை விட்டுட்டு நடு ஒற்றைக் கட்டம், அதிலும் சின்ன அளவு வைங்க. தண்டு மெலிசு, கட்டம் அதைவிட அகலமா இருந்தா ஓரத்துல தெரியிற பின்னணி அதை இழுத்துடும். ஒட்டு நாடாவோட மேல் விளிம்புல வச்சு அரை அழுத்து அழுத்துங்க. வெள்ளை நாடாவும் பழுப்புத் தண்டும் சேர்ற இடம், கேமராவுக்குப் பிடிமானம் அங்கதான்.

வலைக்கு ஆட்டோ வெள்ளைச் சமன் (வெள்ளை வெள்ளையாத் தெரிய கேமரா தானா நிறத்தைச் சரிசெய்யிறது) உதவாது. கன்று நிக்கிற அதே இடத்துல ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு, மெனுவில் கைமுறை வெள்ளைச் சமனில் சட்டகம் முழுக்க அந்தத் தாள் தெரியிற மாதிரி பதிவு செய்யுங்க. நீலம் போட்ட வேட்டியைக் காட்டாதீங்க, படம் மஞ்சளடிச்சுடும். வலையை விட்டு வெளியே வந்ததும் மறக்காம ஆட்டோவுக்கு மாத்துங்க, இல்லேன்னா அடுத்த படம் மொத்தமும் ஊதா.