[கலைச்சொல்] ஆய்வு உலையை ஆய்வு செய்யும் ஆய்வாளர்: ஞாயிறுக்குள் ஒரு சொல் வேண்டும்

தி., பென்சில்வேனியா

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரீசீல் அணு உலையைப் பற்றித் தமிழில் விளக்கப் பலகைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1955-இல் ஆர்-2 என்ற எண்ணில் உரிமம் பெற்ற உலை அது. அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகளில் நெடுங்காலமாக ஓடிவருவது. திறன் 1 மெகாவாட். குளத்தின் ஆழத்தில் தெரியும் நீல ஒளி பற்றிய பலகையை அழகாக எழுதிவிட்டார்கள். சிக்கல் பாதுகாப்புப் பலகையில்தான். ஒரு மாணவி எழுதிய வரி இது:

"ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர் ஆய்வு உலைக்கு வந்து ஆய்வு செய்வார்."

(ஆணையம் என்பது அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம்.) அருகிலிருந்த பையன், "அவர் அங்கே என்ன ஆராய்ச்சி செய்வார்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பலகைகள் அச்சுக்குப் போகின்றன. உதவுங்கள்.

அ., சென்னை

இதற்கு இவ்வளவு கவலை வேண்டாம் அம்மா. உலையை 'ஆராய்ச்சி உலை' ஆக்கிவிடுங்கள். வருகிறவர் செய்வது 'சோதனை'. உணவகத்தில் அதிகாரிகள் சோதனை, கிடங்கில் அதிகாரிகள் சோதனை என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோமே. அதுவும் ஒத்துவராவிட்டால் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்றே எழுதலாம். உலையில் வேலை செய்கிறவர்கள் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

இரா., கல்பாக்கம்

சென்னைத் தம்பி சொன்ன முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதி சட்டத்தோடு மோதும்.

அமெரிக்க விதிகளில் ஆராய்ச்சி உலை வேறு, சோதனை உலை வேறு. வெப்பத்திறன் 10 மெகாவாட்டைத் தாண்டினால் அது சோதனை உலை. (1 மெகாவாட்டுக்கு மேல் இருந்து சில தனி அமைப்புகள் கொண்டவையும் அதில் சேரும்.) மிசூரிப் பல்கலைக்கழக உலை சரியாக 10 மெகாவாட்டில் நிற்கிறது. எல்லையைத் தாண்டவில்லை. மேரிலாந்தின் கேதர்ஸ்பர்க்கில் உள்ள தேசியச் செந்தர நிறுவனத்தின் உலை 20 மெகாவாட், ஆகவே சோதனை உலை. 'சோதனை உலையில் சோதனை' என்று எழுதினால் பையன் மறுபடியும் கேட்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழக உலையை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. முதலில் உலையை இயக்குகிறவர்களே பார்க்கிறார்கள். உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுத் தண்டு எவ்வளவு நேரத்தில் விழுகிறது, கதிர்வீச்சு அளவிகள் சரியாகக் காட்டுகின்றனவா, குளத்து நீரின் மின்கடத்துதிறன் என்ன என்றெல்லாம் உரிமத்தோடு இணைந்த தொழில்நுட்ப நிபந்தனைகள் சொல்லும் இடைவெளியில் அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள். அடுத்து, பல்கலைக்கழகமே அமைத்த உலைப் பாதுகாப்புக் குழு அந்தப் பதிவேடுகளையும் நடைமுறைகளையும் புரட்டிப் பார்க்கும். மூன்றாவதாக ஆணையத்திலிருந்து அதிகாரி வருவார். வேறு நாடுகளில், அந்நாடே அழைத்தால், பன்னாட்டு அணுசக்தி முகமையின் வல்லுநர் குழுவும் வந்து கருத்துரைக்கும்.

இவர்களில் ஆணையத்து அதிகாரிக்கு மட்டும்தான் விதிமீறல் என்று எழுதித் தண்டனை நடவடிக்கைக்கு அனுப்பும் அதிகாரம் உண்டு. எல்லாவற்றையும் 'ஆய்வு' என்று எழுதினால் அந்த வேறுபாடு போய்விடும். நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, குறைந்தது மூன்று.

கு.வே., தஞ்சாவூர்

அன்பர்களே,

'ஆய்வு' என்பதைக் குறை சொல்லும் முன் அதன் வேரைப் பார்ப்போம். "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்" என்பது தொல்காப்பிய உரியியல். உள்ளதை நுணுக்கிக்கொண்டே போவது ஆய்தல். ஆய்த எழுத்தின் பெயரும் இந்த நுணுக்கத்தால் வந்தது என்பார் உண்டு. கீரை ஆய்கிறோமே, அதுவும் இதுவே. வேண்டாததை நீக்கி வேண்டியதைத் தெரிவது. 'ஆராய்ச்சி' என்பதோ முன்பு கல்விக்கூடச் சொல்லே அன்று. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் தொங்கியது ஆராய்ச்சி மணி. குறை கேட்டு விசாரித்து முறை செய்வதே அந்த ஆராய்ச்சி. ஆகவே 'ஆராய்ச்சி' இன்று நாம் தேடும் பொருளில்தான் முதலில் வாழ்ந்தது. பல்கலைக்கழகங்கள் பிற்காலத்தில் அதை எடுத்துக்கொண்டன.

போனதை மீட்க முடியாது. ஆனால் வள்ளுவர் வேறொரு சொல்லை நமக்கென்றே வைத்திருக்கிறார்.

"நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான்
கோடாமை கோடா துலகு."

வினை செய்கிறவன் கோணாமல் இருக்கிறானா என்று ஆள்பவன் நாள்தோறும் நாட வேண்டும். அரசு தன் பொறுப்பில் உள்ள ஒருவரின் செயலைச் சென்று பார்ப்பதற்கு இதைவிடப் பொருந்திய சொல் எந்த மொழியில் உண்டு? என் பரிந்துரை 'நாடல்'. அதிகாரி 'நாடுநர்'.

'பாதுகாப்பு' என்பதையும் விட்டுவிடாதீர்கள். விபத்து நேராமல் காப்பதற்கும் திருடன் வராமல் காப்பதற்கும் ஒரே சொல்லா? சினம் என்னும் தீ 'ஏமப் புணை'யைச் சுடும் என்கிறார் வள்ளுவர். ஏமம் என்பது இடரிலிருந்து காப்பது. மற்றது காவல். 'ஏம நாடல்' என்று எழுதிப் பாருங்கள், ஐந்தே எழுத்தில் முடிகிற இரண்டு சொற்கள்.

ச., யாழ்ப்பாணம்

ஐயாவின் விளக்கம் மனதை நிறைத்தது. ஆனால் 'ஏம நாடல்' என்று பலகையில் கண்டால் என் மாணவர்கள் அது ஏமாற்றத்தோடு சேர்ந்தது என்றுதான் விளங்கிக்கொள்வார்கள்.

இலங்கையில் இந்தக் குழப்பமே எங்களுக்கு இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ் பரிசோதகர் என்றுதான் சொல்லுவோம். ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தில் நடப்பது, பரிசோதனை என்றால் அதிகாரி வந்து பார்ப்பது. 'ஆய்வாளர் ஆய்வு உலையை' என்ற வசனம் எங்கள் ஊரில் பிறந்தே இராது. தமிழ்நாட்டில் காவல் ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர் என்று எல்லாரையும் ஆய்வாளர் ஆக்கியதால் வந்த வினை இது. இருக்கிற நல்ல சொல்லை எடுத்துக்கொள்ளுங்கோ அக்கா.

ஆராய்ச்சி பற்றி ஒரு செய்தி: தென்னிலங்கையில் 'ஆராச்சி' ஊர்த்தலைவர் பதவிப் பெயராக இருந்தது. இன்றும் சிங்களப் பெயர்களின் ஈற்றில் கேட்கலாம். தஞ்சாவூர் ஐயா சொன்ன பழைய பொருளுக்கு அது துணை நிற்கும்.

அ., சென்னை

பரிசோதனை என்றால் இங்கே ரத்தப் பரிசோதனை, ஆய்வகத்தில் செய்யும் பரிசோதனை. உலைக்குள்ளேயே மாணவர்கள் நியூட்ரான் கற்றையை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள். 'பரிசோதனை நடக்கும்போது பரிசோதகர் வந்தார்' என்ற வரிக்கு என்ன செய்வது? 'கண்காணிப்பு' இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? சோழர் கல்வெட்டிலேயே கண்காணி உண்டு.

பெ., ஈப்போ

கல்வெட்டில் இருக்கலாம். மலாயாத் தோட்டங்களில் அந்தச் சொல் 'கங்காணி' ஆகி எங்கள் பாட்டன்மார் முதுகின்மேல் நின்றது. ஆள் பிடித்துக் கப்பலேற்றியவரும் அவர், கடன் கணக்கு வைத்தவரும் அவர். மலையகத்தாரும் இதையே சொல்வார்கள். மக்கள் நலனுக்காக வருகிற ஓர் அதிகாரிக்கு அந்தப் பெயரைச் சூட்ட என் மனம் ஒப்பாது. இயந்திரம் இடைவிடாமல் பார்ப்பதற்கு 'கண்காணிப்பு' இருந்துவிட்டுப் போகட்டும். மனிதருக்கு வேண்டாம்.

தி., பென்சில்வேனியா

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் 'நாடல்' என்பதை எழுதிக் காட்டினேன். 'நாடு' என்பதிலிருந்து வந்ததா, 'மருத்துவரை நாடவும்' என்பதிலிருந்து வந்ததா என்று கேட்டார்கள். குறளைச் சொன்னதும் பிடித்துவிட்டது. ஆனால் பலகையில் குறளையும் சேர்த்துப் போட்டால்தான் சொல் விளங்கும், இடம் இல்லை. 'மேலாய்வு' என்று ஒருத்தி சொன்னாள். அது பட்டப்படிப்புக்கு மேலான ஆய்வு போல் ஒலிக்கிறது.

கல்பாக்கம் ஐயா, அந்த அதிகாரி வந்தால் உண்மையில் என்ன செய்வார் என்று சொன்னால், செயலிலிருந்து சொல்லைப் பிடிக்கலாம்.

இரா., கல்பாக்கம்

மகளே, நல்ல கேள்வி. சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அணுமின் நிலையங்களில் ஆணையத்தின் அதிகாரிகள் அங்கேயே பணியமர்ந்திருப்பார்கள். பல்கலைக்கழக உலைகளில் அப்படி இல்லை, வெளியிலிருந்து வந்து போவார்கள். 2 மெகாவாட்டை எல்லையாக வைத்து உலைகளை இரு வகுப்பாக்கி, பெரியவற்றுக்கு அடிக்கடி வருவார்கள். 1954-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமே ஆராய்ச்சி உலைகள் மீது தேவையான அளவுக்குக் குறைந்தபட்ச ஒழுங்குமுறைதான் வேண்டும் என்கிறது. கல்வி தடைபடக் கூடாது என்பது நோக்கம்.

வந்தால் பதிவேடு கேட்பார்கள். இயக்குகிறவர் ஒவ்வொரு காலாண்டிலும் குறைந்தது 4 மணி நேரம் உலையை இயக்கியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். இல்லையேல் அவருடைய உரிமம் நடப்பில் இல்லை. ஓரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் 1968 முதல் ஓடும் 250 கிலோவாட் ட்ரைகா வகை உலையை இயக்குவோரில் இளநிலை மாணவர்களே மிகுதி. தேர்வு நேரத்தில் ஒரு மாணவருக்கு அந்த 4 மணி நேரம் தவறிவிடலாம் என்பது வெறும் கற்பனை அல்ல. ட்ரைகாவின் யுரேனியம்–சிர்க்கோனியம் ஹைட்ரைடு எரிபொருள் சூடேறினால் அணுப்பிளவு வினை தானே தணியும். அந்தக் குணத்தை நம்பித்தான் மாணவர் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் எரிபொருள் தன்னைக் காத்துக்கொண்டாலும் பதிவேடு தானே எழுதிக்கொள்ளாது.

பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதுமா? இங்கேதான் என் முடிவுக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 3 அன்று மேலே சொன்ன கேதர்ஸ்பர்க் உலையை எரிபொருள் மாற்றியபின் மீண்டும் இயக்கினார்கள். ஓர் எரிபொருள் கூறு தன் இடத்தில் பூட்டப்படாமல் இருந்தது. அது நகர்ந்து, குளிர்நீர் ஓட்டம் குறைந்து, உறை உருகியது. உலை தானே நின்றது. பொதுமக்களுக்குப் போன கதிர்வீச்சு வரம்புக்கு வெகு கீழே. ஆனால் உலை மீண்டும் ஓட 2023 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. பயிற்சியில் குறை, எழுதிய நடைமுறையில் குறை, பூட்டியதை உறுதிசெய்யும் முறையில் குறை என்று பின்னர் கண்டார்கள்.

அதைவிட முக்கியமானது: எரிபொருள் கையாள்வதில் இருந்த சிக்கல்களை ஆணையம் முன்கூட்டியே கண்டுபிடிக்கவில்லை என்று ஆணையத்தின் சொந்தத் தலைமைக் கண்காணிப்பு அலுவலகமே 2023-இல் அறிக்கை தந்தது. எரிபொருளை நகர்த்தும் வேலையை வந்தவர்கள் நேரில் நின்று பார்க்கவில்லை என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. தாளில் எல்லாம் இருந்தது, பூட்டு மட்டும் பூட்டப்படவில்லை.

ஆகவே சொல்லுக்குள் 'நேரில்' இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'நேராய்வு'. செய்கிறவர் 'நேராய்வர்'. பல்கலைக்கழகப் பாதுகாப்புக் குழு செய்வது 'தணிக்கை', அது பெரும்பாலும் ஏடு பார்ப்பதுதான். இயக்குகிறவர்களே செய்வது 'தவணைச் சரிபார்ப்பு'. முகமையின் குழு தருவது 'மதிப்புரை'.

கு.வே., தஞ்சாவூர்

கருத்து உயர்ந்தது, புணர்ச்சி இடிக்கிறது. 'நேராய்' என்று தொடங்கும்போதே கண் 'நேராக' என்று படித்துவிடும். 'நேரா' என்பது எதிர்மறைப் பெயரெச்சமும் ஆகும். 'விபத்து நேரா வண்ணம்' என்கிறோமே. நேரா ஆய்வு என்றால் நிகழாத ஆய்வு! 'நேர்நாடல்' என்றால் இந்த இடர் இல்லை.

'ஏமம்' பற்றி ஒருவரும் மறுமொழி தரவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) உலையும் மிசூரி உலையும் இன்னும் அணுகுண்டுக்கும் பயன்படக்கூடிய உயர்செறிவு யுரேனியத்தில் ஓடுகின்றன என்று படித்தேன். அங்கே திருட்டைத் தடுப்பது தனி வேலை, தனி விதி. ஏமம், காவல் என்று பிரிக்காமல் இரண்டையும் எப்படி எழுதுவீர்கள்?

அ., சென்னை

அதற்கு 'பாதுகாப்பு', 'காவல்' என்று பிரித்தாலே போதும் ஐயா. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது தானே தெளியும்.

நேராய்வுக்கு என் ஆதரவு. 'நேரடி ஆய்வு' என்று நம் அலுவலகங்களில் ஏற்கனவே எழுதுகிறார்கள், அதன் சுருக்கமாகவே மக்கள் படிப்பார்கள். இலக்கண இடர் இருந்தாலும் அந்த இடத்தில் யாரும் 'நிகழாத ஆய்வு' என்று பொருள் கொள்ள மாட்டார்கள்.

பெ., ஈப்போ

எனக்கும் நேராய்வு சம்மதம். நாடலின் அழகு பெரிது, ஆனால் ஞாயிறு நாளை மறுநாள்.

தி., பென்சில்வேனியா

பிள்ளைகளோடு கலந்து இப்படி முடித்திருக்கிறோம்: ஆராய்ச்சி உலை, சோதனை உலை, நேராய்வு, தணிக்கை, தவணைச் சரிபார்ப்பு. 'பாதுகாப்பு' அப்படியே. திருட்டுத் தடுப்புக்குக் 'காவல்'. வரி இப்போது: "ஆணையத்தின் நேராய்வர் ஆராய்ச்சி உலைக்கு வந்து, பதிவேடுகளையும் வேலை நடக்கும் முறையையும் நேரில் பார்ப்பார்." அந்தப் பையன் இம்முறை கேள்வி கேட்கவில்லை.

ச., யாழ்ப்பாணம்

பலகைக்கு வாழ்த்து அக்கா. ஆனால் என் மறுப்பைப் பதிந்து வையுங்கோ. எங்கள் பிள்ளைகளுக்குப் 'பரிசோதகர்' யாரென்று ஏற்கனவே தெரியும், 'நேராய்வர்' யாரென்று இனிமேல்தான் சொல்ல வேணும். ஒரு கடலுக்கு இருபுறமும் இரண்டு சொல் ஓடுவது எனக்குக் கவலையாக இருக்கு. என் பாடக்குறிப்பில் 'பரிசோதனை' என்றே எழுதி, அடைப்பில் உங்கள் சொல்லைத் தருவேன்.

கு.வே., தஞ்சாவூர்

குழுவின் சொற்பட்டியலில் 'நாடல்' என்பதையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன். நேராய்வின் புணர்ச்சி பற்றித் தனி இழையில் எழுதுவேன்.

இரா., கல்பாக்கம்

மகளே, பலகையின் படத்தைப் பார்த்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் ஒன்றை மாற்றிவிடு. மூன்றாம் பத்தியில் உரிமம் பெற்ற மாணவரையும் 'இயக்குநர்' என்று எழுதியிருக்கிறார்கள், உலை நிலையத்தின் தலைவரையும் 'இயக்குநர்' என்று எழுதியிருக்கிறார்கள். மாணவருக்கு 'உலை இயக்குபவர்' என்று போடச் சொல்.