அச்சுச் சுழல்மடங்கு: ஒரு சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போட்டால் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டியிருக்கிறதே, அந்தப் பற்சக்கர ஜோடியைக் குறிக்கும் எண்ணை (ஆங்கிலத்தில் axle ratio) தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுமத்தில் பினாங்கு ஐயா கேட்டிருந்தார். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அச்சு விகிதம், பல்விகிதம், இறுதிக் குறைப்பு. மூன்றையும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறை நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். நான்காவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: சுழல்மடங்கு.

எங்கள் ஊரில் இதற்கு அன்றாடத் தேவை இருக்கிறது. குன்றுத் தோட்டங்களில் செம்பனைக் குலையும் உர மூட்டையும் சுமக்கும் பிக்கப்கள், மழை பிடித்துவிட்டால் செம்மண் சேற்றில் அடிவயிறு தட்டி நின்றுவிடுகின்றன. வண்டி உயர வேண்டும் என்று 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் மாட்டுகிறார்கள். உயரம் கிடைக்கிறது, இழுவை போகிறது. மூன்றாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாம் கியர் கேட்கிறது, கிளட்ச் சூடாகிறது. அப்போதுதான் 'ரேஷியோவை மாற்றுங்கள்' என்று பட்டறையில் சொல்கிறார்கள். கூட்டுவதா, குறைப்பதா என்று வண்டிக்காரர் கேட்டால் குழப்பம் தொடங்கிவிடும். எண்ணைப் பார்ப்பவர் 4.10ஐ விட 4.875 உயர்ந்தது என்பார். கியரைப் பார்ப்பவர் அதே 4.875 தாழ்ந்தது என்பார், ஏனென்றால் முதல் கியர் தாழ்ந்த கியர், அதற்குத்தான் எண் பெரியது. ஆங்கிலம் இந்த இரட்டை வழக்கை இன்றுவரை தீர்க்கவில்லை. 'உயர் விகிதம்', 'தாழ் விகிதம்' என்று நாமும் எழுதினால் அந்தக் குழப்பத்தைச் சிந்தாமல் சிதறாமல் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆவோம். தொலைபேசியில் உதிரிபாகக் கடைக்காரரிடம் 'உயர்ந்ததைக் கொடுங்கள்' என்று ஒருவர் சொல்ல, அவர் அதை மறுபுறம் எடுத்துக்கொண்டால், வீணாவது ஒரு சொல் மட்டும் இல்லை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்குமாக இரண்டு ஜோடிப் பற்சக்கரங்கள்.

அந்த எண் எதை எண்ணுகிறது என்று பார்த்தால் பெயரும் அங்கேயே கிடைக்கும். அச்சைத் திறக்காமலே அதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குவார்கள். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் தளர்ந்திருக்க வேண்டும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, வண்டிக்கு அடியில் கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்கு ஓடும் நீளத் தண்டில் இன்னொரு கோடு. ஒருவர் தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுவார். மற்றவர் மல்லாந்து படுத்துத் தண்டின் கோட்டை எண்ணுவார். கோடு நான்கு முறை முழுதாக வந்துவிட்டு, ஐந்தாம் சுற்றில் சற்றே நகர்ந்து நின்றால் அந்த அச்சு 4.10. இரண்டு சுற்று ஏனென்றால், தரையில் நிற்கும் சக்கரம் அசையாதபோது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றை அங்கே விழுங்கிவிடும். பூட்டு இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் இந்தக் கணக்கு செல்லும்.

ஆக, இரு சக்கரமும் ஒருமுறை சுழலத் தண்டு எத்தனை மடங்கு சுழல்கிறது என்பதே அந்த எண். உராய்வில் போவதைத் தள்ளிவிட்டால், தண்டின் முறுக்குவிசை அச்சில் அதே மடங்கு பெருகுகிறது. சுழற்சியும் மடங்கு, விசையும் மடங்கு. அதனால்தான் சுழல்மடங்கு என்கிறேன். மடங்கு கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சினும் கூடுதலாகச் சுழலும். இதைக் கேட்டு எவரும் தலைகீழாகப் புரிந்துகொள்ள முடியாது.

மற்ற மூன்றும் ஏன் போதாது என்றும் சொல்லிவிடுகிறேன். பல்விகிதம் பொய் இல்லை. அச்சுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரௌன் சக்கரத்தில் 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனில் 10 பல் என்றால் 41ஐ 10ஆல் வகுக்க 4.10. ஆனால் எதை எதனால் வகுப்பது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. இறுதிக் குறைப்பு எனக்கு முதலில் பிடித்திருந்தது, வேகம் குறைகிறது அல்லவா? பேச்சில் வைத்தவுடன் 'குறைந்த குறைப்பு', 'குறைப்பைக் கூட்டு' என்று நாக்கு தடுக்குகிறது. பட்டறைச் சத்தத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அச்சு விகிதத்தில் வருவதோ பழைய, நல்ல சொல். வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கு 'அச்சிறும்' என்றது இதே அச்சைத்தான். ஆனால் இன்று அச்சு என்றால் அச்சகம், வார்ப்பு அச்சு, வரைபடத்தின் அச்சு எல்லாம் முன்னே வந்து நிற்கின்றன. விகிதத்தோடு சேர்ந்தால் எந்த அச்சு என்று கேட்க வேண்டியிருக்கிறது. சுழல்மடங்கோடு சேர்ந்தால் சுழலும் அச்சு ஒன்றுதான் மிஞ்சும்.

ஈழத்து நண்பர் 'இருசு' என்ற சொல்லை நினைவூட்டியிருந்தார். மாட்டுவண்டி அச்சுக்கு உரிய அருமையான சொல், வேறு பொருளோடு மோதாது. ஆனால் 'இருசு மடங்கு' என்று வேகமாகச் சொன்னால் காதில் 'இருமடங்கு' என்று விழுகிறது. கணக்குச் சொல்லில் இது பெரிய ஆபத்து. உறையும் பற்சக்கரமும் சேர்ந்த முழு அமைப்புக்கு இருசு என்ற பெயரை வைத்துக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம். எண்ணுக்கு அச்சுச் சுழல்மடங்கு. இடம் தெளிவாக இருந்தால் வெறும் மடங்கு.

இனி, இந்தச் சொல்லை வைத்தே ஒரு கணக்கைச் சொல்கிறேன். 15 அங்குல ரிம்மில் 235/75 டயர் போட்ட பழைய பிக்கப், அச்சுச் சுழல்மடங்கு 4.10. டயரின் விட்டம் ஏறக்குறைய 734 மில்லிமீட்டர். 33 அங்குல டயர் 838. பாரம் ஏறினால் இரண்டுமே சற்று அமுங்கும், அதை விட்டுவிடலாம். விட்டம் 14 விழுக்காடு கூடியதால் தரையில் கிடைக்கும் இழுவை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.10ஐ 838ஆல் பெருக்கி 734ஆல் வகுக்க வேண்டும், 4.68 வருகிறது. சரியாக அதே எண்ணில் ஒரு ஜோடி கிடைப்பது அரிது. டோயோட்டா பிக்கப்களுக்கு அதை ஒட்டி எளிதில் கிடைப்பவை 41க்கு 9 பல் கொண்ட 4.556, 39க்கு 8 பல் கொண்ட 4.875. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

நேர்கியரில், அதாவது கியர்பாக்ஸ் சுழற்சியை மாற்றாமல் அப்படியே கடத்தும் கியரில், மணிக்கு 90 கிலோமீட்டரில், முதலில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,670 சுற்று சுழன்றது. பெரிய டயர் போட்டதும் அது 2,335. மடங்கு 4.556 ஆனால் 2,595, 4.875 ஆனால் 2,780. ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நெடுஞ்சாலையிலேயே பாரமின்றி ஓடும் வண்டிக்கு 4.556 போதும், எரிபொருளும் மிச்சமாகும். தோட்ட வண்டிக்கு என் தீர்ப்பு 4.875தான். பெரிய டயர் எடையும் கூடியது. அதைச் சுழற்றத் தொடங்குவதற்கே தனியாக வலு போகிறது, அது 4.68 என்ற கணக்கில் வரவில்லை. பாரத்தோடு குன்றுப் பாதையிலோ, அந்த நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் மேட்டிலோ ஓட்டிப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். பினியனின் பல் 10லிருந்து 8ஆகக் குறைவதால் பினியன் சிறுக்கிறது, அதன் வலிமையும் குறைகிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மடங்கைத் தேவைக்கு மேல் ஏற்றுவதால் லாபம் இல்லை.

நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் மடங்கும் பின் மடங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பின்னச்சை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கரத்தையும் இணைத்தால், இரண்டு தண்டும் ஒன்றையொன்று முறுக்கி எதையாவது உடைக்கும். பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேகமானியைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் பழைய வண்டியில், டயரை மட்டும் மாற்றினால் முள் 90 காட்டும்போது உண்மை வேகம் 103. அதோடு 4.875 போட்டால் உண்மை வேகம் 86, 87 அளவில் இருக்கும். முள் கூட்டிக் காட்டுவதால் அபராதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பட்டறைச் சீட்டில் இப்படி எழுதலாம்: 'முன், பின் அச்சுச் சுழல்மடங்கு 4.10லிருந்து 4.875க்கு மாற்றப்பட்டது.' கியர்பாக்ஸுக்கும் இதே சொல் செல்லும். ஐந்தாம் கியரின் சுழல்மடங்கு 0.85 என்றால், 4.875ஐ அதனால் பெருக்கி மொத்த மடங்கு 4.14 என்று எழுதலாம்.

ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள். ஆட்சேபணை இல்லாதவர்கள் கிரௌன் சக்கரத்துக்கும் பினியனுக்கும் பெயர் யோசித்துச் சொல்லுங்கள். முடிச்சக்கரம் என்று ஒருவர் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. பினியனுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை.