புதுப்பிப்பு: மும்முனை மின்சாரம் வீட்டுக்கு எதற்கு?

தொழிற்சாலை மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் ஏன் உகந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். மூன்று முனைகளில் (ஃபேஸ்) வரும் மாறுமின்சார அலைகள் ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் வருவதால் சுழலும் காந்தப்புலம் தானாகவே உருவாகிறது. மோட்டார் கிளம்பக் கெப்பாசிட்டர் தேவையில்லை. வீட்டில் அதனால் என்ன லாபம் என்று பலரும் கேட்டிருந்தீர்கள்.

வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை ஒருமுனையில்தான் இயங்குகின்றன. மும்முனை இணைப்பு அவற்றின் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதனால் மட்டுமே மின்செலவு குறைந்துவிடாது. ஆனால் மின்சார கார் சார்ஜரில் வித்தியாசம் கண்கூடு: 230 வோல்ட், 16 ஆம்பியரில் ஒருமுனை தருவது சுமார் 3.7 கிலோவாட், அதே ஆம்பியரில் மும்முனை தருவது 11.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நியூட்ரல் கம்பியைப் பற்றி, அதாவது மூன்று முனைகளுக்கும் பொதுவாக மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி. மூன்று முனைகளிலும் சுமை சமமாக இருந்தால் அதில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. சமமில்லாதபோது அந்தக் கம்பி அறுந்தால், சுமை குறைந்த முனையில் மின்னழுத்தம் 230-ஐத் தாண்டி 400-ஐ நோக்கி ஏறும். டிவி, பிரிட்ஜ் எல்லாம் கருகிவிடும். அந்த இணைப்பு எங்காவது தளர்ந்திருக்கிறதா என்று தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தயவுசெய்து சோதித்துவிடுங்கள். மும்முனை மோட்டார் வைத்திருப்பவர்கள், ஒரு முனை போனதும் நிறுத்திவிடும் ரிலேயையும் பொருத்துங்கள். மீதி இரு முனைகளில் ஓடும் மோட்டாரின் காயில் வெகு விரைவில் எரிந்துபோகும்.