எட்டுகிற இலக்கு: நீங்கள் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:
எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் அளவு ஏழுக்குக் கீழே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆச்சி என்னிடம், "ஏழுக்குக் கொண்டாறது என் கையிலயா இருக்கு ஆத்தா? நடக்குறதுதான் என் கையில இருக்கு" என்றார்கள். காலையில் காபி குடித்ததும் ஊருணியைச் சுற்றி அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் அதிலேயே வந்துவிடுகிறது. விசேஷ வீட்டுப் பந்தியில் கந்தரப்பமோ உக்காரையோ ஏதாவது ஒன்று, அதுவும் ஒரு தடவை. "இனிப்பையே தொடமாட்டேன்" என்று அவர்கள் சொன்னதே இல்லை. நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அது நடக்கிற காரியமும் இல்லை! அந்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை. ஒரு வாரம் நடந்துவிட்டு அதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். ஆச்சி காலண்டரில் நடந்த நாளைத்தான் சுழித்து வைக்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து:
நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கச்சியைப் பார்த்தேன். 200 கேள்வியில் 100 தமிழ் என்பதால் அங்கேயே தொடங்கியிருந்தாள். "நூலகத்தில் உட்கார்ந்ததும் முதலில் ஆறாம் வகுப்புத் தமிழில் ஒரு இயல்" என்று நோட்டில் எழுதியிருந்தது. இடமும் நேரமும் சேர்த்து இப்படி முடிவெடுத்தால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம் என்பது கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வு. "நிறையப் படிக்கணும்" என்று எழுதினால் எங்கே தொடங்குவது?

தேவகோட்டையிலிருந்து:
சரிதான், ஆனால் இலக்கு ரொம்பச் சுலபமாகவும் இருக்கக்கூடாது. திட்டவட்டமான, கொஞ்சம் சிரமமான இலக்குதான் ஆளை முன்னே தள்ளும் என்று லாக், லாதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தைப்பூச நடைப்பயணத்தில் முழங்கால் தேய்ந்த ஒரு அண்ணனைச் சந்தித்தேன். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை நடை, அப்புறம் பழனிக்குப் பஸ் என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தார். சிங்கம்புணரியில் சந்தோஷமாகப் பஸ் ஏறினார். கால் ஒத்துழைத்தால் அடுத்த தைக்கு நத்தம் வரையாம்.