பழைய புரோட்டோன் சாகா காருக்கு டயர்: செகண்ட்ஹேண்ட் நாலா, புதுசு ரெண்டா?

தோட்டத்துப்பையன்: சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல இருக்கேன். காடி 2009 சாகா, 13 இஞ்ச் ரிம், சைஸ் 175/70. முன்னாடி ரெண்டும் மொட்டை, பின்னாடி டயர்ல பள்ளம் பள்ளமா இருக்கற பூ பாதி இருக்கு. டவுன்ல கேட்டா பிராண்டு டயர் ஒண்ணு 170 வெள்ளி, சைனா 115, ஜப்பான் செகண்ட்ஹேண்ட் 60ங்கிறாங்க. இந்த மாசம் 350க்கு மேல முடியாது. என்ன பண்ணலாம்?

லாரிமாமா: செகண்ட்ஹேண்ட் நாலு போடு தம்பி, 240ல வேலை முடிஞ்சுது. ஜப்பான்காரன் பூ இருக்கும்போதே கழட்டிடுவான், நான் வருசக்கணக்கா அதான் ஓட்றேன் ஒண்ணும் ஆகல.

ஈப்போ_பட்டறை: மாமா பூவை மட்டும் பாத்து வாங்கக்கூடாது. டயர் பக்கவாட்டுல டிஓடின்னு போட்டு கடைசில நாலு நம்பர் இருக்கும், 1416னா 2016ல 14ஆவது வாரம் செஞ்சது. அது ஒரு பக்கம்தான் முழுசா இருக்கும், சில கடைல அந்தப் பக்கத்தை உள்ள திருப்பி மாட்டிடுவாங்க, கறுப்பு பாலிஷ் வேற அடிச்சு வெடிப்பை மறைச்சிடுவாங்க. ரப்பர் காஞ்சு போனா பூ எவ்ளோ இருந்தாலும் மழைல பிடிக்காது. கண்டிப்பா செகண்ட்ஹேண்ட்தான்னா ரிம்ல போடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் ஒட்டு இருக்கான்னு கைய விட்டுப் பாரு.

தோட்டத்துப்பையன்: அப்ப புதுசு ரெண்டு. முன்னாடி மாட்டிடறேன், மொட்டை அங்கதானே.

ஈப்போ_பட்டறை: இல்ல தம்பி, புதுசு பின்னாடி, பின்னாடி இருக்கறத முன்னாடி மாத்து.

லாரிமாமா: இது என்ன கூத்து! சாகா முன்வீல் இழுக்கற காடி, ஸ்டேரிங்கும் அங்க, பிரேக்கு பாரமும் அங்கதான் விழுது, நல்ல டயர கொண்டுபோய் சும்மா உருள்ற வீலுக்குப் போடச் சொல்றீங்க. மழை பேஞ்ச மறுநாள் செம்மண் ஏத்தத்துல அவன் எப்படி ஏறுவான்?

ஈப்போ_பட்டறை: ஏத்தத்துல வழுக்குனா காடி நிக்கும், அவ்ளோதான். தைப்பிங்லேர்ந்து ஹைவேல மழைல வந்து மெனோரா டன்னல் தாண்டி இறக்கத்துல வளைவு வருதுல்ல, அங்க தண்ணி மேல முன்வீல் மிதந்தா ஸ்டேரிங் லேசாகும், கைக்கே தெரியும், எண்ணெய் பெடல்லேர்ந்து கால எடுத்தா திரும்ப பிடிச்சுக்கும். பின்வீல் மிதந்தா தெரியறதுக்குள்ள காடி சுத்திடும். முன்வீல் இழுக்கற காடிக்கும் அதேதான், டயர் கம்பெனிக்காரனே அப்படித்தான் சொல்றான்.

லாரிமாமா: அவன் மெனோராவுக்கு எப்ப போறான்? தினம் தோட்டம், டவுன், தோட்டம்.

செம்பனை_அக்கா: ரெண்டு பேரும் சண்டைய விடுங்க. தம்பி, பின்டயர் பள்ளத்துக்குள்ள குட்டி மேடு தெரியும் பாரு, அது 1.6 மில்லி. பூ தேஞ்சு அந்த மேட்டுக்கு வந்துட்டா முன்னாடியும் போட முடியாது பின்னாடியும் போட முடியாது, வாங்கறது நாலுதான். அப்புறம் முன்டயர் ஒரு ஓரமா தேஞ்சிருந்தா வீல் நேரா நிக்க அலைன்மெண்ட் பண்ணு, இல்லன்னா 115 வெள்ளி டயரும் ஆறு மாசத்துல போயிடும்.

தோட்டத்துப்பையன்: பாத்தேன் அக்கா, பின்னாடி மேட்டுக்கு மேல நல்லாவே இருக்கு. முன்னாடி உள்ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. 115 ரெண்டு, மிச்ச காசுல அலைன்மெண்ட். டிஓடி பாத்துட்டுதான் கடைக்கார டவுக்கேகிட்ட காசு குடுப்பேன். புதுசு பின்னாடி.

லாரிமாமா: சரி. ஏத்தத்துல மாட்டிக்கிட்டா கயிறு கொண்டு வான்னு எனக்கு போன் பண்ணாத.

ஈப்போ_பட்டறை: எனக்குப் பண்ணு தம்பி 😂