பணம் வந்ததும் பிப் ஏன் ஜோவை விட்டு விலகினான்?

கேள்வி:
டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை மகளோடு சேர்ந்து படித்து முடித்தேன். ஏழைச் சிறுவன் பிப்புக்குப் பணம் வருகிறது, லண்டன் போகிறான், கடனாளி ஆகிறான். அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் வேறொருவனைக் கட்டிக்கொள்கிறாள். "ஏழைகளைச் சமாதானப்படுத்த எழுதின கதைதானே அப்பா?" என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1:
வறுமையை மெச்சுகிற ஆள் இல்லை டிக்கன்ஸ். 1824இல் அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போக, 12 வயதில் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியவர்.

கல்லூரியில் படித்தபோது எனக்கு எஸ்டெல்லாவை வளர்த்த மிஸ் ஹவிஷாம் மட்டும்தான் மனதில் நின்றார். நாற்பது வயதுக்கு மேல் மறுபடி படித்தபோது ஜோவின் தொப்பி! பிப்பின் அக்கா கணவர், கொல்லர், அவனைத் தூக்கி வளர்த்த மனிதர், லண்டனுக்குப் பார்க்க வருகிறார். கணப்படுப்பின் மேல் வைத்த தொப்பி திரும்பத் திரும்பக் கீழே விழுகிறது. 'சார்' என்று வேறு கூப்பிடுகிறார். பணம் கொடுத்து அவர் வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். எனக்கு அந்த வரியைத் தாண்டவே முடியவில்லை. எஸ்டெல்லா கிடைக்காதது பெரிய இழப்பே இல்லை. கையில் இருந்த அன்பைப் பார்த்து வெட்கப்பட வைத்தது அந்தப் பணம்.

அப்புறம் பிப்பின் நகைக்கடைக் கடன், 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ். காய்ச்சலில் கிடந்தவனைப் பார்த்துக்கொண்ட ஜோ, அவன் தேறியதும் மறுபடி 'சார்' என்று விலகி, விடியற்காலையில் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். கடன் அடைத்த ரசீது மட்டும் கடிதத்தோடு இருக்கிறது. பட்டறையில் உழைத்துச் சேர்த்த காசு!

பதில் 2:
அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். பிப்பை அனுப்புவதற்கு ஈடாக வக்கீல் ஜாகர்ஸ் பணம் தர முன்வந்தபோது, பிள்ளையை இழப்பதற்குப் பணம் ஈடாகுமா என்று ஜோ பொங்குகிறாரே, அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

பதில் 3:
ஆனால் பணத்தால் ஒரு நல்லதும் நடக்கிறது. நண்பன் ஹெர்பர்ட்டுக்கு வியாபாரத்தில் பங்கு கிடைக்கப் பிப் ரகசியமாகப் பணம் கட்டுகிறான். அவன் கைக்கு வந்த செல்வத்தில் உருப்படியாகப் போனது அதுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மகளிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன். ஹெர்பர்ட்டுக்கு அது எப்போது தெரிந்தது என்று கேட்கிறாள்.

பதில் 3:
பல வருடம் கழித்து, பிப்பும் அங்கே பங்குதாரர் ஆன பிறகு. அதையும் பிப் சொல்லவில்லை, முதலாளி கிளாரிக்கர்தான் போட்டு உடைக்கிறார்.