கஞ்சாவுக்கு ஒரு சீசன், கைநீட்டுனா 2 மேட்ச்சா?

2014ல அமெரிக்கன் ஃபுட்பால் ப்ளேயர் ரே ரைஸ் லிஃப்ட்ல வச்சு கட்டிக்கப்போற பொண்ண அடிச்சு மயங்க வச்சதுக்கு அந்த விளையாட்டோட லீக் என்எஃப்எல் முதல்ல குடுத்தது வெறும் 2 மேட்ச் தடை, அதே வருஷம் இன்னொரு ப்ளேயர் ஜோஷ் கார்டனுக்கு கஞ்சா டெஸ்ட்ல மாட்டுனதுக்கு முழு சீசன் (அப்புறம் 10 மேட்ச்சா குறைச்சாங்க), இது என்னங்க கணக்கு?

பதில் 1:
போதைப்பொருளுக்கு தண்டனை எவ்ளோன்னு ப்ளேயர்ஸ் யூனியனோட பேசி முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க, குடும்ப வன்முறைக்கு அப்படி எதுவும் இல்ல, லீக் தலைவரான கமிஷனர் வச்சதுதான் சட்டம். திட்டு விழுந்தப்புறம் முதல் தடவைக்கு 6 மேட்ச்னு மாத்துனாங்க. லிஃப்ட் வீடியோ வெளிய வந்ததும் ரைஸுக்கு காலவரையில்லாத தடை போட்டாங்க பாருங்க, அது நவம்பர்லயே ரத்தாயிடுச்சு, ஒரே தப்புக்கு ரெண்டு தடவ தண்டனை குடுக்க முடியாதுல்ல. ஆனா அவர அதுக்கப்புறம் எந்த டீமும் எடுக்கல, அது வேற கத.

பதில் 2:
பேஸ்பால் லீக் எம்எல்பி 2015ல கொண்டுவந்த குடும்ப வன்முறை விதில குறைஞ்சபட்ச தண்டனை, அதிகபட்ச தண்டனைன்னே கிடையாது, கோர்ட்ல நிரூபிக்கணும்னும் இல்ல. 2016ல பேஸ்பால் ப்ளேயர் அரோல்டிஸ் சாப்மன் மேல கேஸே போடல, ஆனாலும் 30 மேட்ச் தடை. எனக்கு இது சரின்னுதான் படுது, கேஸ் நிக்காததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், பாதிக்கப்பட்டவங்களே பயந்து பின்வாங்கிடுவாங்க.

பதில் 3:
@பதில் 2 சரிங்க, ஆனா விசாரிக்கறதும் லீக், தீர்ப்பு சொல்றதும் லீக், அந்த ப்ளேயர வச்சு காசு பாக்கறதும் லீக்னா எப்படி நம்பறது? வெளியாள் யாராவது விசாரிக்கட்டும். அப்புறம் சம்பளத்த நிறுத்துனா அந்த வீட்டுல இருக்கற பொண்ணுக்கும்தான் அடி, அதுக்கு பயந்தே புகார் குடுக்காம இருப்பாங்க, அதப் பத்தி யாரும் பேசவே மாட்டேங்கறீங்க